அடுக்கிசை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் இசைக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எங்களை மேடைக்கு அழைக்கும்போதெல்லாம் பாடச் சொல்வதே வழக்கம். இம்முறை செயலாளர் அவர்கள் பேசச் சொல்லிவிட்டார்கள். பாட்டில் நாங்கள் தடுமாறினால் மிருதங்கம் காப்பாற்றிவிடும். பேச்சுக்கு அத்தகைய துணை இல்லை. நாங்கள் இசையை முறையாகப் பயின்றவர்களும் அல்லோம். பகலெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் சம்பளப் பட்டியல்களோடும் போராடிவிட்டு, மாலையில் ஆர்மோனியத்தைத் திறப்பவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களும் எங்களுள் உண்டு. இப்பொழுது உங்கள்முன் நிற்பவரே அதற்குச் சான்று. ஆதலால் சொல்லிலோ பொருளிலோ குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

2021-ஆம் ஆண்டுப் பொங்கலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா நோயின் காரணமாக இந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. கூடிப் பாட வழியில்லாமல், அவரவர் வீட்டிலிருந்தே கைப்பேசியில் பாடி அனுப்பிய 23 குரல்களைக் கணிப்பொறியில் ஒன்றுசேர்த்து, நம் சங்கப் பாடலை வெளியிட்டோம். அதைக் கேட்ட பலர், “நூறு பேர் பாடியது போல் இருக்கிறதே, எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டார்கள். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம். அதனோடு, நான்கு சுவர்களுக்குள் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் இச்சபையில் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறோம்.

ஒலியின்மேல் ஒலியை அடுக்கி இசைக்கு நிறைவு தருவது அயல்நாட்டார் கண்ட புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் நினைவுகூர்வார்கள். மாதவி ஆடவந்த அரங்கில் கருவிகள் எல்லாம் ஒருசேர முழங்கித் தொடங்கவில்லை. முதலில் குழல் இசைக்கிறது. யாழ் அதனைத் தொடர்கிறது. அதன்பின் தண்ணுமை, அதனை அடுத்து முழவு, இறுதியில் ஆமந்திரிகை என்று ஒவ்வொன்றும் தன் முன்னதன் தடத்தில் வந்து சேர்கின்றது. எது முன், எது பின், எது எதற்குத் துணை என்னும் ஒழுங்கை இளங்கோவடிகள் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்!

நம் கோயில் வாசலையும் எண்ணிப் பாருங்கள். நாகசுவரக்காரரை எல்லோரும் பார்க்கிறோம். தவில்காரரையும் பார்க்கிறோம். பக்கத்தில் ஒருவர் கன்னம் உப்ப ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டு நிற்பார். அவர் வாசிப்பது ஒத்து. அவருக்கு யாரும் சபாஷ் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒத்து நின்றுவிட்டால், ராகத்தின் அடியில் இருந்த தரை விலகியது போல் ஆகிவிடும். கச்சேரியில் தம்புராவின் பணியும் அதுவே. நான்கே தந்திகள், ஒரு பஞ்சமம், இரண்டு மேல் சட்சம், ஒரு கீழ்ச் சட்சம். ஆயினும் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி என்னும் சிறு நூல், ஒவ்வொரு தந்தியின் ஒலியிலிருந்தும் பல மேல் ஒலிகளை எழுப்புகின்றது. நான்கு தந்திகள் ஒரு கூடத்தையே நிரப்பும் இரகசியம் அதுதான்.

இதை எங்கள் தொழிலின் மொழியில் கூறுவதானால், ரயில் பாதையைப் போல் என்போம். பயணிக்குத் தெரிவது தண்டவாளம் மட்டுமே. தண்டவாளத்தைத் தாங்குவது ஸ்லீப்பர். ஸ்லீப்பரைத் தாங்கிப் பாரத்தைப் பரப்பி மண்ணுக்குள் இறக்குவது சரளைக்கல். சரளை கலைந்தால் தண்டவாளம் எவ்வளவு பளபளத்தும் பயனில்லை, வண்டி ஆடும். பாட்டிலும் அப்படியே.

இனி, ஒருவரே பலராகும் வித்தையைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் லெஸ் பால் என்றொரு கிட்டார் கலைஞர் இருந்தார். தாம் வாசித்ததை ஓர் இசைத்தட்டில் பதிவார். அதை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து இரண்டாவது பகுதியை வாசிப்பார். இரண்டும் சேர்ந்து மற்றொரு தட்டில் பதிவாகும். இப்படி எட்டுக் கிட்டார் பகுதிகளைத் தாம் ஒருவராகவே அடுக்கி, 1948-இல் ‘லவர்’ என்னும் தட்டை வெளியிட்டார். பின்னர் ஒலிநாடா வந்தது. 1951-இல் அவரும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் வெளியிட்ட ‘ஹௌ ஹை தி மூன்’ என்னும் பாட்டில், அப்பெண்மணியின் ஒரே குரல் ஒரு கூட்டமாக ஒலித்தது. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் பழைய ஒலி சற்று மங்கும் என்பதே அக்காலத்து இடர்ப்பாடு.

இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவினர் இக்கலையை மேலும் வளர்த்தனர். 1967-இல் வந்த அவர்களுடைய ‘எ டே இன் தி லைஃப்’ என்னும் பாட்டுக்காக 40 வாத்தியக் கலைஞர்களை அழைத்து, அவர்கள் வாசிப்பை நான்கு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினர். 40 பேர் 160 பேர் ஆயினர். அக்குழுவின் ஜான் லெனனுக்கோ ஒரே பாட்டை இருமுறை பாடிப் பதிவது சலிப்பைத் தந்தது. அதற்காக 1966-இல் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் பொறியாளர் கென் டவுன்செண்ட் ஓர் உபாயம் கண்டார். பாடிய குரலையே மற்றொரு நாடாவின் வழியாகச் செலுத்தி, சிறிது கால வேறுபாட்டுடன் அதனோடு சேர்த்தார். ஒரு குரல் இருகுரல் போலக் கேட்டது.

நம் தமிழ்த் திரையிசையில் நெடுங்காலம் வேறு முறை இருந்தது. பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். ஒருவர் பிழை செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விசுவநாதன் – இராமமூர்த்தி காலத்துப் பாடல்களின் நிறைவு, அப்படிக் கூடி உழைத்தவர்களின் நிறைவு. பின்னாளில் தனித்தனியே பதிந்து அடுக்கும் முறை பரவியது. ஏ. ஆர். ரகுமான் தம் கோடம்பாக்கத்து வீட்டை ஒட்டி ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் ‘ரோஜா’ படப் பாடல்கள் வெளிவந்தபோது, ஒலிகளை இத்தனை நுண்மையாகவும் அடுக்க முடியுமா என்று நாடு வியந்தது. இன்று அக்கருவிகளின் பெரும்பகுதி ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது. நாங்கள் பயன்படுத்திய ‘அடாசிட்டி’ என்னும் மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கருவி எளிதாயிற்று, காரியம் எளிதாகவில்லை. எங்கள் அனுபவத்தைக் கூறுகிறோம்.

முதல் நாள் 23 பதிவுகளையும் அப்படியே சேர்த்து ஓடவிட்டோம். எழுந்தது பாட்டன்று, சந்தை இரைச்சல். ஒருவர் பல்லவியை முடிக்கும்போது மற்றொருவர் தொடங்குகிறார். ஒவ்வொரு வீட்டு மின்விசிறியும் பாடியிருக்கிறது. ஒரு வீட்டில் குக்கர் கூவுகிறது. மற்றொரு வீட்டில் சரக்கு வண்டி ஊதுகிறது. குரலை அடுக்கினால் அதனோடு இரைச்சலும் அடுக்காகும் என்பதே எங்கள் முதற்பாடம். எல்லோரையும் மீண்டும் வேண்டினோம்: விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், முடிந்தால் திரையும் போர்வையும் தொங்கும் அறையில் பாடுங்கள் என்று. தம்புராவும் தாளமும் கூடிய ஒரு வழிகாட்டிப் பதிவை அனுப்பி, அதைக் காதில் கேட்டுக்கொண்டே பாடச் சொன்னோம். தொடக்கத்தில் நான்கு எண்ணி ஒருமுறை கைதட்டச் சொன்னோம். பின்னர் அந்தக் கைதட்டல்களை நேர்படுத்தியதும் குரல்கள் வரிசைக்கு வந்தன. ஸ்டேஷன் கடிகாரம் ஒன்றாக இருந்தால்தானே வண்டிகள் ஒழுங்காக ஓடும்!

ஆனால் இம்மியும் பிசகாமல் நேர்படுத்துவதும் தவறு. இரண்டு ஒலிகளுக்கிடையே ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு வேறுபாடு இருந்தால், நம் செவி அவற்றை இரண்டாகக் கேளாது. ஒன்றாகவே, சற்றுத் தடித்ததாகக் கேட்கும். சுருதியிலும் அவ்வாறே. ஒரு குரல் வினாடிக்கு 440 அதிர்வும் மற்றொன்று 442 அதிர்வும் கொண்டால், வினாடிக்கு இரண்டு அலைகளாக ஒலி ஏறி இறங்கும். அளவோடு இருப்பின் அவ்வசைவு ஒளிரும். அளவு மீறினால் அதுவே அபசுரம்.

இரண்டாவது பாடம், பிரதி பயன்படாது என்பது. குரல் போதவில்லை என்று எண்ணி, நன்றாகப் பாடிய ஒரு சிறுமியின் பதிவை நான்கு பிரதிகளாக்கி அடுக்கினோம். ஒலி பெருத்தது, நிறைவு வரவில்லை. ஒரே படத்தை நான்கு முறை சுவரில் மாட்டினால் நான்கு பேர் வந்தது ஆகுமா? அதே சிறுமியை மறுபடியும், மறுபடியும் பாடச் செய்து சேர்த்தபோதுதான் பாட்டுக்கு உடல் வந்தது. ஒருமுறை பாடியது போல் மறுமுறை எவராலும் பாட முடியாது. அந்தச் சிறு வேறுபாடுதான் நிறைவு.

மூன்றாவது, இடம். ஒரே இடத்தில் இரண்டு ஒலிகள் நின்றால், வலியது மெலியதை மறைத்துவிடும். ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம் என்பது நம் துறையின் பழைய விதி. அதன்படி, எல்லோரையும் ஒரே சுருதியில் நிறுத்தி, ஆடவரை ஒரு ஸ்தாயி கீழே பாடச் செய்தோம். ஆர்மோனியத்தை நடுவிலிருந்து விலக்கினோம். சிலரை இடது செவிக்கும் சிலரை வலது செவிக்கும் சற்றே ஒதுக்கினோம். கஞ்சிராவை மேலே மெல்லியதாகத் தூவினோம்.

நான்காவது பாடம்தான் கடினமானது. மாதிரிப் பதிவை வீடுகளுக்கு அனுப்பினோம். உடனே தொலைபேசி ஒலித்தது. “எங்க பொண்ணு குரல் தனியாக் கேக்கலையே, அண்ணா!” என்றார் ஓர் அம்மையார். அவர் மகளின் குரலை உயர்த்தினோம். அடுத்த வீட்டார், “எங்க பையன் எங்கே?” என்றார்கள். அவனையும் உயர்த்தினோம். ஐந்தாறு நாளில் எல்லோரும் உயர்ந்துவிட்டார்கள். எல்லோரும் உயர்ந்ததால் ஒருவரும் உயரவில்லை. கணிப்பொறி தாங்கும் வரம்பைத் தாண்டி ஒலி கரகரத்துக் கிழிந்தது. அறிவியல் கூறுவது இது: பத்துப் பேர் ஒரே அளவாகச் சேர்ந்து பாடினாலும், நம் செவிக்கு அது ஒருவர் பாடுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகவே கேட்கும். எனவே சத்தத்தைக் கூட்டுவதால் கூட்டுப்பாட்டு பெருகுவதில்லை. ஒருவர் கேட்கவேண்டிய இடத்தில் மற்றவர் தணிவதால் பெருகுகின்றது. சரணத்தின் முதலடியில் அந்தச் சிறுமி முன்வர மற்றவர் தணிந்தனர். இரண்டாமடியில் அச்சிறுவன் முன்வந்தான். இரு வீட்டாரும் மகிழ்ந்தனர்.

அன்பர்களே! இனி எங்கள் தவற்றுக்கு வருகிறோம்.

அந்த 23 குரல்களுள் ஒன்று, தண்டவாளப் பராமரிப்பில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. வெயிலிலும் மழையிலும் வரும் வண்டியை அறிவித்துச் சக தொழிலாளரை எச்சரித்துக் கூவிக் கூவித் தேய்ந்த தொண்டை. பேரன் கைப்பேசியைப் பிடிக்க, அவர் பாடி அனுப்பியிருந்தார். குரல் கரடுமுரடாக இருந்தது. இரண்டு இடங்களில் சற்றுப் பின்தங்கியும் இருந்தது. நாங்கள் கலந்து பேசினோம். “இது சேராது” என்று முடிவு செய்து, அப்பதிவை ஒதுக்கி வைத்தோம். அவரிடம் சொல்லவில்லை.

சில நாளில் அவரே தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, நம்ம குரல் சேந்துதா?” நாங்கள், “சேர்ந்தது, ஐயா” என்றோம். அன்று அது பொய்.

வெளியிட இரண்டு நாள் இருந்தது. பாட்டைக் கேட்கக் கேட்க எங்களுக்கு ஒன்று உறுத்தியது. எல்லாம் சரியாக இருந்தது. ஆயினும் பாட்டு காகிதம்போல் மெலிந்து பறந்தது. கணிப்பொறியில் கீழ் ஒலியைக் கூட்டினோம். பானைக்குள் பேசுவது போல் ஆயிற்று. எதிரொலி சேர்த்தோம், மூடுபனி வந்ததேயன்றி நிறைவு வரவில்லை. அப்பொழுது எங்கள் குழுவின் இளையவரான கல்லூரி மாணவி, ஒதுக்கி வைத்த பதிவைத் திறந்தார். அந்த இரண்டு இடங்களையும் நேர்படுத்தி, அக்குரலை எல்லாவற்றுக்கும் அடியில், கேட்கிறதோ இல்லையோ என்னும் அளவில் வைத்தார்.

பாட்டு தரையில் கால் ஊன்றியது.

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அக்குரலை நீக்கிக் கேட்டோம், காகிதம். சேர்த்துக் கேட்டோம், கல். அதற்குக் காரணமும் உண்டு. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கனத்த குரலின் மேல் அதிர்வுகள், மேலே பாடும் குழந்தைகளின் சுரத்தோடு ஒன்றிவிடுகின்றன. அவர்கள் குரலுக்கு அது வேராகிவிடுகிறது. மற்ற ஆடவர் குரல்களும் கீழே இருந்தன. ஆயினும் அவை மென்மையானவை. நாங்கள் குறை என்று ஒதுக்கிய அந்தக் கரகரப்பிலேதான், பாட்டுக்கு வேண்டிய கனமும் இருந்தது. சரளைக்கல்லை வழவழப்பாக யாரும் தேடுவதில்லை அல்லவா? முனை மழுங்கிய கல் உருண்டுவிடும். முனையுள்ள கல்லே ஒன்றையொன்று பற்றி நிற்கும். நாள்தோறும் தண்டவாளத்தின் ஓரமாக நடக்கும் எங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்பெரியவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஐயா! நாங்கள் உங்களிடம் சொன்னது பின்னால் மெய்யாயிற்று. சொன்ன நேரத்தில் அது மெய்யன்று. உங்கள் குரலைத் தனியே கேட்டு அளந்தோம். கூட்டத்தில் வைத்துக் கேட்கவில்லை. இச்சபையின் முன்னிலையில் உங்கள் மன்னிப்பை வேண்டுகிறோம்.

இதை ஏன் இன்று சொல்கிறோம்? இவ்வாண்டு சங்கப் பாடலை மறுபடியும் பதிய இருக்கிறோம். செயற்குழுவில் இரண்டு யோசனைகள் எழுந்தன. ஆயத்தமாகக் கிடைக்கும் பின்னணி இசையை வாங்கி, நன்றாகப் பாடும் நால்வரை மட்டும் பாடவைக்கலாம் என்பது ஒன்று. தமிழ் உச்சரிப்பு சரியாக வராத குழந்தைகளை இம்முறை விட்டுவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தில் எழுந்தவையே. பதிவு அழகாக வர வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஆனால் 2021-இல் எங்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கும்போது, இரண்டையும் ஏற்க மனம் துணியவில்லை.

இந்தக் காலனியில் பிறந்த பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும் பேசி, வீட்டுக்கு வந்தபின்தான் தமிழைத் தொடுகிறார்கள். அவர்களுக்கு ழகரம் வழுக்கத்தான் செய்யும். கூட்டுக் குரலின் நடுவே, சரியாகச் சொல்பவர் ஒருவரின் அருகில் நின்று பாடினால், அந்த நாக்கு தானே வழிக்கு வரும். விலக்கி நிறுத்தினால் எந்நாளும் வராது. மாற்றல் உத்தரவுகளாலும் ஓய்வுகளாலும் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. 2021-இல் 23 குரல்கள் இருந்தன. அவற்றுள் ஆறு குரல்களுக்கு உரியவர்கள் இன்று வேறு ஊர்களில் இருக்கிறார்கள். இருப்பவர்களிலும் பொறுக்கி எடுப்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை, வசதியும் இல்லை.

ஆகவே இசைக் குழுவின் வேண்டுகோள் இதுதான். இவ்வாண்டுப் பதிவுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குரலேனும் வர வேண்டும். பாடத் தெரியாதவர் தாளம் தட்டலாம். அதுவும் தெரியாதவர் வழிகாட்டிப் பதிவோடு சுருதியில் ஒரே அகாரத்தை நீட்டலாம். ஒத்துக்காரர் இல்லாமல் மேளம் இல்லை. வெளியூர் சென்ற ஆறு பேரும் அங்கிருந்தே பாடி அனுப்ப இசைந்திருக்கிறார்கள். உங்கள் குரல் தனியே கேட்கவில்லையே என்று மட்டும் தயவுசெய்து தொலைபேசியில் வருந்தாதீர்கள். அது நீங்கும்போது பாட்டு மெலியுமானால், அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று பொருள்.

எந்தப் பதிவையும் இனி உரியவரிடம் சொல்லாமல் ஒதுக்க மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். வரும் ஞாயிறன்று காலை இம்மண்டபத்தின் பின்னறையில் விசிறிகளை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். முதற்குரலாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களின் குரலைப் பதிய விரும்புகிறோம். அவர்கள் இசைந்தால் அது எங்கள் பேறு. மற்றவர்கள் அதன்மேல் வந்து அமரட்டும்.